விண்ட்சர் கோட்டையும் லெகோலாண்டும் ஒரே நாளில்: தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு

லண்டனின் ஹாரோ பகுதியில் குடியிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, சரித்திரம் என்றால் உயிர். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. மகனுக்கு ஒன்பது, மகளுக்கு நாலு. ஆகஸ்ட் விடுமுறையில் ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்க முடியும். லண்டனுக்கு மேற்கே இருக்கும் விண்ட்சர் கோட்டை, அதே ஊரில் சவாரிகள் நிறைந்த லெகோலாண்ட் பூங்கா இரண்டையும் அன்றே பார்த்துவிடலாமா? காரில் போவதா, ரயிலிலா?

இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் என்று அவரே வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆகையால் தூரம் அவருக்குக் கவலையில்லை. அப்பா முகம் வாடாமல், பிள்ளைகள் அழாமல், கொடுத்த காசு வீண் போகாமல் ஒரு நாளை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பதினெட்டு ஆண்டுகளாக மேற்கு லண்டனிலிருந்து ஒன்பது பேர் உட்காரும் வேனில் நம் ஊர் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிக்காட்டி வருகிறேன். விண்ட்சருக்குப் போன தடவைகளை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். கோட்டைக்கும் பூங்காவுக்கும் நான் ஊழியனில்லை. வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, உள்ளே போனவர்கள் எந்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவன். என் பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முடியும். இரண்டையும் முழுதாகப் பார்க்க முடியாது. கோட்டையை அவசரமில்லாமல் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். லெகோலாண்ட் காலையிலிருந்து மாலை வரை விழுங்கிவிடும் இடம். கோட்டைக்கு முழு மரியாதை, பூங்காவுக்கு அரை நாள் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் நாள் அழகாக ஓடும். வீட்டில் இரவும் பகலும் லெகோ கட்டைகளோடு கிடக்கிற பையன் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அவனுக்குப் பூங்காவை இன்னொரு நாளுக்குத் தனியாக வைத்துவிடுங்கள். அரை நாள் டிக்கெட் என்று அங்கே எதுவும் கிடையாது. நீங்கள் பாதி நேரம் இருந்தாலும் முழு விலைதான்.

முதலில் கிழமையைப் பாருங்கள். விண்ட்சர் கோட்டை செவ்வாயும் புதனும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. இதை அறியாமல் வருகிறவர்கள் வாரந்தோறும் உண்டு. நானே ஒரு முறை அப்படி ஏமாந்தேன். கொரோனாவுக்கு முன்பெல்லாம் எல்லா நாளும் திறந்திருக்குமே என்ற பழைய நினைப்பில், ஒரு புதன்கிழமை மதுரைக் குடும்பம் ஒன்றை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூடிய கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோட்டை திறந்திருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி. அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் அந்தத் தேவாலயத்தை விடக்கூடாது. சனிக்கிழமைக் கூட்டத்தை நான் சொல்லவே வேண்டாம். மிச்சமிருப்பவை திங்கள், வியாழன், வெள்ளி. ஆகஸ்ட் கடைசித் திங்கள் பொது விடுமுறை, அதையும் தள்ளுங்கள். என்னைக் கேட்டால் வியாழன்.

இன்னொரு விதமான மூடலும் உண்டு. இது அரசர் உண்மையாகவே வந்து தங்குகிற வீடு. வெளிநாட்டுத் தலைவர்கள் அரசுமுறை விருந்தினராக வந்தால் பொதுமக்கள் பகுதிகளை மூடிவிடுவார்கள். 2025இல் ஜூலையில் பிரெஞ்சு அதிபரும் செப்டம்பரில் அமெரிக்க அதிபரும் வந்து தங்கியது இங்கேதான். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கோட்டையின் இணையதளத்தில் அந்தத் தேதியில் எது திறந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எதை முதலில் பார்ப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் கோட்டை, மதியத்துக்குமேல் பூங்கா. பிள்ளைகளைக் காலையிலேயே பூங்காவுக்குள் விட்டுவிட்டுப் பிறகு கோட்டைக்கு இழுத்து வருவது என்பது பாயசம் பரிமாறிவிட்டுப் பாகற்காய்ப் பொரியலை நீட்டுவது போல. அதைவிடப் பெரிய காரணம் சாலை. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை விங்க்ஃபீல்ட் சாலையில் லெகோலாண்டை நோக்கிக் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். மதியம் ஒன்றரைக்கு அதே சாலையில் தடையில்லாமல் போய்விடலாம். மூன்றாவது காரணம் வரிசை. பூங்காவில் முற்பகலிலிருந்து மூன்று மணிவரைதான் உச்சக் கூட்டம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் நாலு மணிக்குமேல் களைத்துப் போய்க் கிளம்ப ஆரம்பிப்பார்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஏறுகிற சவாரிகள், நண்பகலில் நாலு மணி நேரம் நின்று ஏறுகிறவற்றுக்குச் சமம். ஆகஸ்டில் மாலை ஆறு மணியோ ஏழு மணியோ வரை திறந்திருக்கும். நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் உங்கள் தேதிக்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குப் பத்து மணி நுழைவை முன்பதிவு செய்யுங்கள். அரச சேகரிப்பு அறக்கட்டளை என்ற அமைப்புதான் டிக்கெட் விற்கிறது. அவர்களிடமே நேரடியாக வாங்கினால், வெளியே வரும்போது டிக்கெட்டில் முத்திரை வைத்து ஓராண்டுக்கு மறுபடியும் இலவசமாக வரும் அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம். ஹாரோவில் இருக்கிற உங்களுக்கு இது பெரிய விஷயம். பார்க்காமல் விட்டதை அக்டோபரில் வந்து பார்க்கலாம் என்று தெரிந்தால், அப்பாவை அறை அறையாக விரட்ட வேண்டியதில்லை. இடைத்தரகர்களிடம் வாங்கும் டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை பொருந்துமா என்பதை நம்பி இறங்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே கட்டணமில்லை, மகளுக்குக் காசு மிச்சம்.

வாசலில் விமான நிலையத்தைப் போலவே சோதனை. கைப்பையை எந்திரத்தில் போட வேண்டும். ஒரு முறை தஞ்சாவூர்ப் பாட்டி ஒருவரின் சுருக்குப்பையை எந்திரம் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே பித்தளைப் பாக்குவெட்டி. சோதனை செய்த இளைஞர் அதைத் தட்டில் எடுத்துவைத்து, திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தார். இது என்ன ஆயுதம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பாட்டி ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து வெட்டிக் காட்ட முனைந்தபோது நான்தான் குறுக்கே விழுந்து தடுத்து, அதை வாங்கிக்கொண்டு போய் வேனில் வைத்தேன். அம்மாவின் பையில் மாம்பழம் நறுக்கும் கத்தி இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

முழங்கால் வலிக்காரருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஊரிலிருந்து கோட்டை வாசலுக்கு ஏற்றம். உள்ளேயும் வட்டக் கோபுரத்தைச் சுற்றி மேல்முற்றம்வரை ஏற்றம்தான், சில இடங்களில் உருளைக்கல் பாவிய தரை. முதலில் நிதானமாக மேலே ஏறி அரச அறைகளைப் பார்த்துவிடுங்கள். பிறகு கீழ்முற்றத்துக்கு இறங்கித் தேவாலயம், அங்கிருந்து எட்டாம் ஹென்றி வாயில் வழியாக வெளியே. ஏறுவது ஒரே முறை, அதுவும் கால் களைக்காத காலை நேரத்தில். அறைகளுக்கு மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலி இரவலாகத் தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். மகளுக்குத் தள்ளுவண்டி கொண்டுவந்தால் அரச அறைகளின் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வியாழன், சனிக்கிழமைகளில் வழக்கமாகப் பதினொரு மணிக்குக் காவல் மாற்றும் சடங்கு நடக்கும். மழை கொட்டினால் நடக்காது, அட்டவணையும் மாறக்கூடியது. அதற்காக முக்கால் மணி நேரம் நிற்பது நாலு வயதுப் பிள்ளைக்குத் தண்டனை என்பது என் அபிப்பிராயம். அந்த நேரத்தில் எல்லோரும் கீழ்முற்றத்தில் கூடிவிடுவதால் மேலே அறைகளில் மூச்சுவிட இடம் கிடைக்கும். நான் வியாழனைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பேண்டு வாத்தியச் சத்தம் சன்னல் வழியாகவே காதில் விழும். சிவப்புச் சட்டைக் காவலாளிகள் சடங்கு இல்லாத நேரத்திலும் நிற்பார்கள், படம் எடுத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு இங்கே என்ன இருக்கிறது? 1070 வாக்கில் வெற்றிவீரன் வில்லியம் மண்மேடு எழுப்பிக் கட்டத் தொடங்கிய இடம். அன்றிலிருந்து இன்றுவரை ஆள் குடியிருக்கும் கோட்டைகளில் உலகிலேயே பெரியது. நம் ஊரில் கோட்டை என்றால் செஞ்சியைப் போலக் காற்றும் ஆட்டுக்குட்டிகளும் உலாவும் பாழடைந்த சுவர்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே திரைச்சீலை மாற்றுகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அப்பா வேறு கண்ணோடு பார்ப்பார். காதில் மாட்டும் விளக்கக் கருவி இலவசம். அதில் தமிழ் இல்லை, ஆகவே அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படியேறிப் போனதும் பெரிய முன்கூடத்தில் நில்லுங்கள். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தங்கப் புலித்தலை இருக்கிறது. திப்பு சுல்தானின் சிம்மாசனத்தைத் தாங்கிய புலி. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டபின், வென்ற படையினர் அந்தச் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கு போட்டார்கள். புலித்தலையும், சிம்மாசனக் குடைமேல் இருந்த மணிகள் பதித்த ஹுமா என்ற கற்பனைப் பறவையும் இங்கே வந்து சேர்ந்தன. புலியின் பற்கள் படிகக்கல். கிட்டே போய்ப் பார்த்தால் வாய் லேசாகத் திறந்து, நாக்கு தெரியும். எத்தனையோ பெரியவர்கள் இந்தப் பேழைக்கு முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே கூடத்தில் 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சனைக் கொன்ற துப்பாக்கிக் குண்டும் இருக்கிறது. உங்கள் ஒன்பது வயதுப் பையன் அதைத்தான் பார்ப்பான்.

இன்னொன்று, இப்போது அங்கே இல்லாதது. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிம்மாசனம் நூறாண்டுக்கும் மேல் இந்தக் கோட்டையில்தான் இருந்தது. மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், கண்ணுசாமி என்று பெயர். 1815இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அரசன் வேலூரில், அவன் நாற்காலி விண்ட்சரில். 1934இல் குளஸ்டர் கோமகன் அதைக் கொண்டுபோய் இலங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புலித்தலை திரும்பவில்லை. வேலூர்ப் பக்கம் போய்வந்தவர் என்றால் அப்பாவுக்கு இந்தக் கதையை அந்தக் கூடத்திலேயே சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தால்தான் அறைகளில் சிணுங்காமல் வருவார்கள். புனித ஜார்ஜ் மண்டபத்துக் கூரை முழுவதும், அரசர் தரும் கார்ட்டர் என்ற வீரப் பட்டம் பெற்றவர்களின் சின்னம் வரைந்த கேடயங்கள். நடுநடுவே சில கேடயங்கள் வெறும் வெள்ளையாக இருக்கும். துரோகம் செய்தோ வேறு குற்றத்துக்காகவோ பட்டம் பறிக்கப்பட்டவர்களுடையவை அவை. எத்தனை வெள்ளை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். கழுத்து வலிக்கும்வரை எண்ணுவார்கள். அந்தக் கூரையே புதியது. 1992 நவம்பர் 20 அன்று ஒரு விளக்கின் சூடு திரைச்சீலையில் பற்றி, பதினைந்து மணி நேரம் எரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமாயின. பச்சை ஓக் மரத்தால் கூரையை மறுபடியும் எழுப்பி, சரியாக ஐந்து ஆண்டுகளில் வேலையை முடித்தார்கள். அந்தச் செலவைச் சமாளிக்கத்தான் 1993இல் பக்கிங்ஹாம் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

மகளுக்கு அரசி மேரியின் பொம்மை வீடு. 1920களின் தொடக்கத்தில் கட்டிடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது, நம் புது தில்லியை வடிவமைத்தவர்தான். எல்லாமே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், சின்ன மின்தூக்கி ஓடும், நிலவறைப் புட்டிகளில் நிஜ ஒயின். நாலு வயதுக்காரிக்கு நீங்கள் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும். இதற்கென்று தனி வரிசை நீண்டிருந்தால் நின்று நேரத்தைக் கரைக்காதீர்கள், முத்திரை வைத்த டிக்கெட் இருக்கிறதே.

தேவாலயத்துக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் எட்வர்ட் 1475இல் தொடங்கி எட்டாம் ஹென்றி காலத்தில் முடிந்த கட்டிடம். அந்த ஹென்றி, ஆறு கல்யாணம் செய்தவர், பாடகர் பகுதியின் தரையில் ஒரு கறுப்புக் கல்லுக்கு அடியில் கிடக்கிறார். பக்கத்தில் மூன்றாம் மனைவி ஜேன் சீமோரும், தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும். மேலே நடந்து போகிறவர்களில் பாதிப் பேர் கீழே குனிந்து பார்ப்பதே இல்லை. இரண்டாம் எலிசபெத் 2022 செப்டம்பரில் அடக்கம் செய்யப்பட்டது பக்கவாட்டில் இருக்கும் சிறு மண்டபத்தில். அங்கே எப்போதும் ஒரு சிறு கூட்டம் நிற்கும், மெதுவாக நகரும். வெளியே வந்ததும் தலைக்குமேல் ஹீத்ரோ விமானங்கள் தாழ்வாகப் பறப்பதைப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டை முடிந்தது என்று அதற்குப் பொருள். மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும்.

சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். இரண்டு இடத்திலும் சைவம் கிடைக்கும், ஆறு பேருக்கு வாங்கினால் பில் கையைச் சுடும். தேம்ஸ் கரையில் அலெக்சாண்ட்ரா தோட்டம் என்று புல்வெளி இருக்கிறது. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் அங்கே இறங்குவது போல எங்கேயும் இறங்காது. அன்னங்களும் வாத்துகளும் கையிலிருந்து பிடுங்கும் அளவுக்குப் பழகிப்போனவை, மகளை ஓரமாக உட்கார வைக்காதீர்கள்.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: அப்பாவும் அம்மாவும் லெகோலாண்டுக்குள் வரத்தான் வேண்டுமா? சவாரி ஏறினாலும் ஏறாவிட்டாலும் டிக்கெட் ஒன்றுதான். பூங்கா ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. நுழைவாயில் உச்சியில், சவாரிகள் சரிவு நெடுக. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஒரு சிறு மலை ரயில் உண்டு. மாலையில் மேலே வருவதற்கு அதற்கும் வரிசை. முழங்கால் வலியோடு காலையில் கோட்டை ஏறியவரை மதியம் அந்தச் சரிவில் நடக்கவைப்பது கொடுமை. என் வண்டியில் வந்த தாத்தா பாட்டிகளில் பாதிப் பேராவது, பேரப்பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வாய் பேசாமல் உள்ளே போய், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்துவிட்டு வந்தவர்கள். இன்னொரு பெரியவர் கூட இருந்தால், உங்கள் கணவரோ சகோதரரோ, அவர்களை விண்ட்சரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் நாற்பது நிமிடப் படகுச் சவாரி, பாலத்தைத் தாண்டினால் 1440இல் தொடங்கிய ஈட்டன் பள்ளி இருக்கும் தெரு, திரும்பி வந்து ஒரு தேநீர். பாலத்தில் வண்டிகள் போவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். ஆனால் இதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பேத்தி முதல் ராட்டினத்தில் சிரிப்பதைப் பார்க்கவே வந்தேன் என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு, அவர்களிடம் என் கணக்கு எடுபடாது.

உள்ளே வருவதென்றால் பெரியவர்களை மினிலாண்டில் விடுங்கள். லண்டன் கட்டிடங்கள் இருபதில் ஒரு பங்கு அளவில், கட்டை கட்டையாக அடுக்கிச் செய்தவை. படியேற வேண்டாம், உட்காரலாம், கொலு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அலுக்காது. டென்மார்க்குக்கு வெளியே இன்றும் நடக்கிற லெகோலாண்டுகளில் பழையது இதுதான், 1996இல் திறந்தது. அதற்கு முன் இங்கே வனவிலங்குப் பூங்கா ஒன்று இருந்து 1992இல் மூடப்பட்டது. லெகோ என்ற பெயர் டேனிஷ் மொழியில் ‘நன்றாக விளையாடு’ என்ற இரண்டு சொற்களின் சுருக்கம்.

பிள்ளைகளுக்கு: மகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் இன்றே அளந்துவிடுங்கள். டிராகன் போன்ற பல சவாரிகளுக்கு ஒரு மீட்டர் வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோதான் இருப்பார்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, அளவுகோலுக்குக் கீழே குதிகாலைத் தூக்கி நின்ற ஒரு குட்டியைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்த பெண் மண்டியிட்டு அவள் காலை மெல்லத் தரையில் அழுத்தினார். ஒரு விரற்கடை குறைந்தது. அந்த அழுகை கார் நிறுத்துமிடம்வரை கேட்டது. உயரம் போதாதென்றால், ஒரு பெற்றோர் மகனோடு ஏறிவிட்டு வந்ததும் மற்றவர் மறுபடியும் வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, நுழைந்தவுடன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகனுக்குக் கார் ஓட்டும் பள்ளி, ஆறிலிருந்து பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு உரியது. மூன்றிலிருந்து ஐந்துவரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன ஓட்டுதளம், மகள் அங்கே. சின்னக் குழந்தைகளுக்கான டூப்ளோ பகுதியில் தண்ணீர் விளையாட்டு இருப்பதால் மாற்றுடை ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கட்டி வரிசையைத் தாண்டும் வசதியை நான் அரை நாள் குடும்பங்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை. நாலு மணிக்குமேல் தானாகக் குறையப்போகும் வரிசைக்கு எதற்கு இன்னொரு கட்டணம்?

நான் உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று விலை. இரண்டு இடத்திலும் அடிக்கடி மாறுகிறது, பூங்காவில் தேதிக்குத் தேதி மாறுகிறது. முன்கூட்டி வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவு என்பது மட்டும் நிச்சயம். மற்றொன்று வானிலை. ஆகஸ்ட் என்பதால் வெயில் என்று நினைக்காதீர்கள். கோட்டையில் பெரும்பகுதி கூரைக்குக் கீழே, பூங்காவில் பெரும்பகுதி வானத்துக்குக் கீழே. மழைச்சட்டை கொண்டுபோங்கள், சவாரியில் குடையால் பயனில்லை. சாரல் மழை நாளில் கூட்டம் பாதியாகக் குறைந்து, நனைந்துகொண்டே எல்லாச் சவாரியையும் ஏறிவிட்டு வந்த குடும்பங்களும் என் வண்டியில் உட்கார்ந்திருக்கின்றன. இருக்கைதான் காய இரண்டு நாள் ஆயிற்று.

காரா ரயிலா என்பதற்கு: ரயில் அழகான வழிதான். பாடிங்டனிலிருந்து ஸ்லவ் போய், அங்கே மாறி, ஆறு நிமிடக் கிளைப்பாதையில் விண்ட்சர் மத்திய நிலையத்தில் இறங்கினால் கோட்டை எதிரே நிற்கும். வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயிலும் உண்டு, ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் அங்கிருந்து லெகோலாண்டுக்கு பஸ்ஸோ டாக்சியோ பிடித்து, மாலையில் தூங்கி விழும் பிள்ளைகளோடு மறுபடியும் மூன்று வண்டி மாறி ஹாரோ வந்து சேர வேண்டும். உங்கள் குடும்பத்துக்குக் கார்தான். எம்4 சாலையில் ஆறாவது சந்திப்பில் இறங்கி, ஒன்பதரைக்குள் விண்ட்சர் ஊருக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். பத்தைத் தாண்டினால் கோட்டைக்கு அருகே இடம் கிடைப்பது கடினம். பூங்காவின் வண்டி நிறுத்தத்துக்குத் தனிக் கட்டணம், டிக்கெட்டோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். மூடும் நேரத்தில் எல்லாக் கார்களும் ஒரே வாயிலில் முட்டிக்கொண்டு நிற்கும். அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். பூங்காவின் உச்சியிலிருந்து லண்டன் பக்கம் தெளிவாகத் தெரியும். மிச்சமிருக்கும் புளியோதரையை அங்கே உட்கார்ந்து முடித்துவிடலாம்.